மூடி இல்லாத கிரில் எங்களுக்குச் சரிவராது

ஏப்ரல் பிறந்தால் தம்பி தங்கச்சிமார் பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, முதல்முதலாகக் கரி கிரில் வாங்கப் போறன், எது நல்லது?" என் பதிலும் ஒன்றுதான். மூடி உள்ள, 57 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கூகல்கிரில். அதைவிடச் சின்னது வேண்டாம். அதைவிடப் பெரிய விலைக்கும் இப்போது போக வேண்டாம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஜேர்மன் கடைகளும் சஞ்சிகைகளும் தரும் ஆலோசனை பெரும்பாலும் பிராட்வூர்ஸ்டுக்கும் நக்கன்ஸ்ரேக்குக்கும் எழுதப்பட்டது. எலும்பில்லாத, மெல்லிய துண்டுகள். திறந்த தணலுக்கு மேலே பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நாங்கள் போடுவது அதுவா? எலும்போடு முழுக் கோழிக்கால். முதல் நாள் இரவே அம்மாவின் வறுத்த தூள், உள்ளி, இஞ்சி, தயிர், எண்ணெய் எல்லாம் போட்டு ஊறவைத்தது. அதைத் திறந்த தணலுக்கு மேலே வைத்தால் எண்ணெய் சொட்டும், சுவாலை எழும்பும், தூளும் தயிரும் ஐந்து நிமிடத்தில் கருகிவிடும். எலும்புக்குப் பக்கத்தில் இறைச்சி இன்னும் பச்சையாகவே இருக்கும். பூங்காவில் கூடும்போது இந்தக் கோழியை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். பக்கத்தில் ஒரு மாமா நின்று "நல்லா வெந்திட்டுது, சாப்பிடு" என்று சொல்வார். கோழியில் இருக்கக்கூடிய கம்பிலோபக்ரர் கிருமிக்கு மாமாவின் சொல் கேட்காது. இறைச்சியின் நடுவில் 70 பாகை செல்சியஸ் இரண்டு நிமிடமாவது இருக்க வேண்டும் என்று ஜேர்மன் இடர் மதிப்பீட்டு நிறுவனம் சொல்கிறது. குத்திப் பார்க்கும் ஒரு மலிவான வெப்பமானி வாங்குங்கள். அழகான இடுக்கி பிறகு வாங்கலாம்.

எங்கள் கோழிக்குத் தேவை இரண்டு பக்கங்கள். தணலை ஒரு பக்கம் குவித்து, இறைச்சியை மற்றப் பக்கம் வைத்து, மூடியைப் போட்டுவிடுங்கள். கிரில் இப்போது போறணை மாதிரி வேலை செய்யும். முக்கால் மணித்தியாலம் போல விட்டு, கடைசி இரண்டு மூன்று நிமிடம் மட்டும் தணல் பக்கம் எடுத்துத் தோலை மொறுமொறுப்பாக்குங்கள். 47 சென்ரிமீற்றரில் பாதியைத் தணல் பிடித்துவிட்டால் மிச்சப் பாதியில் நாலு கால்தான் கிடக்கும். எங்கள் வீட்டில் நாலு பேர் மட்டும் சாப்பிட்ட நாள் எது?

இந்த மூடிக்கு ஒரு கதை உண்டு. 1952இல் சிக்காகோவில் வெபர் சகோதரர்களின் உலோகப் பட்டறையில் வேலை செய்த ஜோர்ஜ் ஸ்ரீபன், திறந்த கிரிலில் காற்றும் மழையும் படுத்திய பாட்டில் அலுத்துப்போனார். பட்டறையில் செய்த கடல் மிதவையின் உருண்டையை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைச் சட்டியாகவும் மறு பாதியை மூடியாகவும் ஆக்கினார். இன்று அந்த வடிவத்தைப் பல நிறுவனங்கள் செய்கின்றன. பெயருக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் கடையில் கையால் தொட்டுப் பாருங்கள். மூடி இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். அடியில் உள்ள காற்றுத்துளை இலகுவாக அசைந்து முழுதாக மூட வேண்டும். கம்பித்தட்டின் ஓரம் தூக்கித் திறக்கக்கூடியதாக இருந்தால் இடையில் கரி போடலாம்.

காற்றுத்துளையைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கரி கிரிலில் வெப்பத்தைத் திருகும் குமிழ் அதுதான். அடித்துளையால் வரும் காற்றின் அளவுதான் நெருப்பின் அளவு. மேல்துளை திறந்தே இருக்கட்டும். அடித்துளையைக் கொஞ்சம் அசைத்தால் பலன் தெரியப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். பொறுமை இல்லாதவர் திரும்பத் திரும்ப அசைப்பார், வெப்பம் ஏறி இறங்கி ஆடும். கட்டுப்பாட்டியல் பாடத்தில் பரீட்சைக்காகப் படித்த தாமதம் எனக்கு உண்மையில் விளங்கியது இங்கேதான்.

புகையூட்டுவதற்கும் இதே கிரில் போதும். பற்றாத கரிக்கட்டிகளைச் சட்டியின் ஓரத்தில் அரை வட்டமாக அடுக்கி, ஒரு முனையில் மட்டும் தணல் வையுங்கள். திரி மாதிரி மெதுவாக எரிந்து போகும், 110 முதல் 130 பாகையில் பல மணித்தியாலம் நிற்கும். மேலே இரண்டு மூன்று பீச் மரத் துண்டுகள் போதும். பிசின் உள்ள ஊசியிலை மரமும் பூச்சு அடித்த பலகையும் வேண்டாம். புகையை அமெரிக்கக்காரரின் விளையாட்டு என்று நினைக்காதீர்கள். சம்பலில் இடித்துப் போடும் மாசியும் அவித்து, புகையூட்டி, காயவைத்த மீன்தான்.

ஆயிரம் யூரோ கமாடோ நல்லதில்லையா என்றால், நல்லதுதான். ஆனால் தடித்த பீங்கானால் செய்த அந்தப் பாரத்தை மூன்றாம் மாடிக்கு யார் தூக்குவது? வாடகை வீடு மாறினால்?

வாடகை வீடு என்றதும் முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். கடைக்குப் போக முதல் ஒப்பந்தத்தை வாசியுங்கள். பல்கணியில் கிரில் போடுவது பற்றி நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் இல்லை. 1997இல் பொன் நகர நீதிமன்றம் ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரை மாதம் ஒருமுறை, 48 மணித்தியாலத்துக்கு முன் அயலவருக்குச் சொல்லிவிட்டு என்றது. 2002இல் எஸ்ஸன் மாநில நீதிமன்றமோ ஒப்பந்தத்தில் தடை எழுதியிருந்தால் அது செல்லும் என்றது, மின்சாரக் கிரிலுக்கும் சேர்த்து. பூங்காக்களிலும் அப்படித்தான். பேர்லின் தியர்கார்ட்டனில் 2012இலிருந்து தடை, தெம்பெல்ஹோவர் திடலில் ஒதுக்கிய இடங்களில் அனுமதி.

எங்கள் சமையல் வாசத்தைப் பற்றிப் படிக்கட்டில் யாரோ முறைத்த அனுபவம் எங்களில் கனபேருக்கு உண்டு. அதற்காக ஒளித்துச் சமைக்கத் தேவையில்லை என்பதுதான் என் கருத்து. கருகும் மிளகாய்த்தூளின் புகை ஆருக்கும் கண் எரிக்கும், அது வேறு. மூடிக்குள் பக்கவாட்டில் வேகும் கோழி அப்படிப் புகையாது. இரண்டு நாளுக்கு முதல் கதவைத் தட்டிச் சொல்லுங்கள். அன்றைக்கு ஒரு தட்டும் கொடுங்கள்.

கரிப் பையில் ஈ.என். 1860-2 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். மரம் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். ஹம்பேர்க்கில் உள்ள தியூனன் ஆய்வு நிலையம் இங்கே விற்கும் கரிப் பைகளுக்குள் வெப்பமண்டலக் காட்டு மரத்தைக் கண்டிருக்கிறது. தேங்காய்ச் சிரட்டையில் செய்த கரிக்கட்டியும் இப்போது கிடைக்கிறது. ஊரில் ஸ்திரிக்கைப்பெட்டிக்குள் போட்ட அதே சிரட்டைக்கரி. நீண்ட நேரம் ஒரே சீராக எரியும், எனக்கு அதுதான் விருப்பம்.

பற்றவைக்க அன்சூண்ட்காமீன் என்ற தகரக் குழாய் போதும். இருபது நிமிடத்தில் கரி சாம்பல் பூத்துவிடும். ஸ்பிரிற்று ஊற்றுபவரிடமிருந்து பிள்ளைகளைத் தூர விலக்குங்கள். முடிந்தால் போத்தலையும் பறியுங்கள். ஆவி பற்றினால் நெருப்புப் பந்தாக எழும்பும். மழை வந்தாலும் கிரிலை வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ கொண்டுவர வேண்டாம். தணலிலிருந்து வரும் காபனோரொக்சைட்டுக்கு மணம் இல்லை. அது ஆளைக் கொல்லும்.

வெள்ளிக்கிழமை என்றால் அம்மாவுக்குக் கோழி இல்லை. கடைசித் தணலுக்கு மேலே இரண்டு கத்தரிக்காயைத் தோல் கருகும்வரை போடுங்கள், சம்பலுக்கு ஆகும். பிறகு மேலும் கீழும் எல்லாத் துளைகளையும் மூடி, கிரிலை வெளியிலேயே விடுங்கள். காற்றில்லாமல் அணைந்த கரி அடுத்த கிழமைக்கும் எரியும்.