கூடாரத்துக்குள் கரியடுப்பு வைக்கும் புத்திசாலிகள்

டிசம்பர் பிறந்தால் போதும், கல்லூரிக் கும்பல்களுக்குக் கால் தரையில் நிற்காது. கொடைக்கானல், ஊட்டி, மூணாறு என்று ஏதாவது ஒரு மலை. ஓட்டல் ரூமெல்லாம் பெரிசுகளுக்கு, இவர்களுக்கு டென்ட்தான் வேண்டும். அதில் ஒரு தப்பும் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் பல் தந்தியடிக்கும்போது ஒரு புத்திசாலி எழுந்துபோய், சிக்கன் சுட்ட கரியடுப்பைத் தூக்கிவந்து உள்ளே வைத்து ஜிப்பை இழுத்து மூடுகிறானே, அதுதான் தப்பு. (தப்பு என்பதே ரொம்ப மரியாதையான வார்த்தை.)

கேட்டால், "மச்சி, வெறும் கங்குடா, புகையே வரல" என்பான். விவகாரமே அங்கேதான் இருக்கிறது. புகை வந்தால் கண் எரியும், இருமல் வரும், எழுந்து ஓடலாம். கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், தூக்கம்... தூங்குகிறவனுக்கு அந்தத் தலைவலிகூடத் தெரியாது.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமனில், கேரளாவிலிருந்து போன சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர் ஒரே அறையில் இறந்தார்கள். நான்கு பேர் குழந்தைகள். ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டு கேஸ் ஹீட்டர் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் பார்பிக்யூ கரியை அறைக்குள் வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் எழுந்திருக்கவே இல்லை. அவை அறைகள். டென்ட் அதில் கால்வாசிகூட இருக்காது. "துணிதானே, காத்து போகும்" என்று வாதாடுகிறவர்களும் உண்டு. மழைத்தண்ணீரே இறங்காமல் பூச்சு பூசிய துணி அது, ஐயா!

குளிருக்கு என்னதான் வழி? முதலில், டென்ட் சூடு தரும் என்ற நம்பிக்கையை விட வேண்டும். அது காற்றையும் பனியையும் தடுக்கும், அவ்வளவே. உடம்புச் சூட்டைத் திருடுவது பெரும்பாலும் கீழே இருக்கும் தரை. ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு தடியாக இருந்தாலும் முதுகுக்கு அடியில் நசுங்கிவிட்டால், அதற்குள் இருக்கும் காற்று போய்விடும், காப்பும் போய்விடும். தடித்த ஃபோம் மேட் அதனால்தான் தேவை. பார்பிக்யூவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பைசா பிரிக்கும் கும்பல்கள், மேட் வாடகை என்றதும் "அதெல்லாம் எதுக்கு" என்கின்றன. ஐட்டம் வாரியாகக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள்தான் இப்படிச் செய்கிறார்கள் :-)

விற்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பையின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் மைனஸ் கணக்கு பல நேரம் 'எக்ஸ்ட்ரீம்' அளவு. அந்தக் குளிரில் சாகாமல் தப்பிக்கலாம் என்று அர்த்தமே தவிர, தூங்கலாம் என்று இல்லை. தூங்குவதற்குப் பார்க்க வேண்டியது 'கம்ஃபர்ட்' அளவு. அது மூலையில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும்.

'சூடேற்ற' சரக்கு என்பது அடுத்த கட்டுக்கதை. அது தோலுக்கடியில் ரத்தக்குழாய்களை விரிக்கும், சூடு வெளியே போகும். சூடேறியது மாதிரி இருப்பதே அதனால்தான்.

அந்தக் கரியடுப்புக்கும் ஒரு வேலை இருக்கிறது. வெளியே வைத்துத் தண்ணீரைச் சுடவைத்து, சூடு தாங்கும் பாட்டிலில் ஊற்றி இறுக மூடி, பழைய சாக்ஸில் போட்டுக் காலடியில் வைத்துக்கொண்டால் சில மணி நேரத்துக்குக் கதகதப்பு. அடுப்பு மட்டும் வெளியிலேயே கிடக்கட்டும்.