இல்லாததை இருபதால் பெருக்குவோர்

உத்திரமேரூர் வட்டாரத்தில் கைமாறும் துண்டறிக்கை ஒன்று, காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனையில் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு உபதேசம் செய்கிறது: பாலில் மஞ்சள் கலந்து குடித்தால் புற்றுநோய் செல்கள் கதிருக்குச் சுலபமாக மடியும், கதிர் பாதி நாளே போதும். விஞ்ஞானம் நிரூபித்துவிட்டதாம்.

எங்கே நிரூபித்தது? கதிர்பட்ட செல் தப்பிப் பிழைக்க முடுக்கிவிடும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தை மஞ்சளிலுள்ள குர்குமின் அடக்குவது உண்மை, ஆனால் ஆய்வகத் தட்டில். செல்லின்மேல் நேரே ஊற்றுவதும் மனிதர் விழுங்குவதும் ஒன்றா? 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வில் 2 கிராம் குர்குமினைத் தனியாக விழுங்கியவர்களின் ரத்தத்தில் ஏறியது, இல்லையென்றே சொல்லத்தக்க அளவு. மிளகின் பைப்பரின் சேர்த்தால் இருபது மடங்காகுமே என்று அதே ஆய்வைத் தூக்கிவருகிறார் நம் துண்டறிக்கை ஆசிரியர். தாராளமாக, இல்லாததை இருபதால் பெருக்கட்டும். மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான். பின்னால் சொல்லும் தோல் புண் ஆய்வுகளில் கொடுத்த 6 கிராமை எட்ட நாளுக்கு 200 கிராம் தூள் கரைக்க வேண்டும். அது பாலா, சுண்ணாம்பு சேர்க்காத ஆரத்தியா?

அறிக்கையின் முன்பக்கத்தில் மஞ்சள் நல்ல செல்களைக் காக்கும் ஆன்டி-ஆக்ஸிடன்ட். பின்பக்கத்தில் கெட்ட செல்லைக் கதிருக்குக் காட்டிக்கொடுக்கும் ஒற்றன். கதிர் பெரும்பாலும் கொல்வதே ஃப்ரீ ராடிக்கல்கள் வழியாக. அவற்றை அணைக்கும் பொருள் ஆதார் அட்டை பார்த்துவிட்டா அணைக்கும்? போகட்டும், கவசமாகவாவது தேறியதா? 2013-இல் 30 பெண்களிடம் கதிரால் வரும் தோல் புண்ணைக் குறைத்த குர்குமின், 600 பேருக்குமேல் சேர்ந்த 2018 சோதனையில் போலி மாத்திரையை வெல்லவில்லை. முதலாவதை முழங்குகிறவருக்கு இரண்டாவது எப்படி மறந்தது? கணக்குக் காட்டாதவரைக் குடவோலைக்கே தகுதியில்லையென்று விலக்கிய பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கும் உத்திரமேரூரில், இப்படியொரு கணக்கு!

தாவரத்தை இகழ்கிறேன் என்று கொதிக்க வேண்டாம். யூ மரப்பட்டை தந்த பாக்லிடாக்சல், செல் பிரிவதைக் கதிருக்கு அது மிக எளிதில் இரையாகும் கட்டத்திலேயே நிறுத்திவைக்கும். அதைக் கார்போபிளாட்டினோடும் கதிரோடும் அறுவைக்கு முன்பு கொடுத்த டச்சு ஆய்வு (2012), உணவுக்குழாய்ப் புற்றுநோயாளிகள் 366 பேரைக் கொண்டது. அறுவை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 24 மாதத்தைத் தாண்டவில்லை. மருந்தும் கதிரும் சேர்த்துப் பெற்றவர்களில் அந்தப் பாதிக் கோடு 49 மாதத்தை ஒட்டி விழுந்தது. அண்ணாவைக் கொண்டுபோன நோயும் இந்த உணவுக்குழாய்ப் புற்றுநோயே. அளந்த மருந்து, அளந்த கதிர், ஒப்பிட ஓர் அணி: மூன்றில் எது இருக்கிறது துண்டறிக்கையில்?

'பாதி நாள்' யோசனை வெறும் அறியாமையல்ல, ஆபத்து. நடுவில் நிறுத்தினால் தப்பிய செல்கள் மீண்டும் பெருகும் என்பது கதிர்வீச்சு மருத்துவத்தின் பாலபாடம்.

டாக்டர்கள் பணத்துக்காக இதை மறைக்கிறார்களாம். அரசு மருத்துவமனையில் ஏழையைப் படுக்கவைத்து யார் லாபம் பார்க்கிறார்கள்? அதே தாளின் அடியில், 'சிறப்பு மஞ்சள்' வேண்டுவோர் அழைக்க ஒரு கைபேசி எண் இருக்கிறதே, அது எந்த தர்மக் கணக்கு?