விளம்பரத்தில் வராத வேலை

இலங்கையின் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் தொழிற்சந்தைத் தகவல் ஏட்டில், பத்திரிகைகளில் வரும் வேலை விளம்பரங்களை எண்ணித் தொகுக்கும் வழக்கம் உண்டு. எந்தத் தொழிலுக்கு ஆள் தேவை என்று அறிய அது ஒரு வழி. கணக்காளர், சாரதி, காசாளர் எல்லாரும் அந்த எண்ணிக்கையில் அகப்படுவார்கள். "வலையில் நண்டு கழற்ற ஆள் தேவை" என்று ஞாயிறு பத்திரிகையில் யார் விளம்பரம் போடுவார்? ஆனால் மன்னார் மாவட்டத்தில் ஏ-32 வீதியோரம் உள்ள விடத்தல்தீவில், வள்ளம் கரை சேரும் காலைகளில் அந்த வேலைக்குக் கை வேண்டும்.

நீலக்கால் நண்டு வலையைச் சுற்றிக்கொண்டுதான் கரைக்கு வரும். இழுத்தால் கால் ஒடியும். கால் ஒடிந்தால் விலை இறங்கும். கொடுக்குகளை மடக்கிப் பிடித்து, துடுப்புக் காலில் சிக்கிய நூலை விலக்கி, வலையும் அறாமல் நண்டும் உடையாமல் எடுக்க வேண்டும். அண்மையில் ஓடு கழற்றிய நண்டுக்குள் சதையைவிடத் தண்ணீர்தான் அதிகம். வயிற்றுப் பக்கத்தைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தே அதை ஒதுக்குவார்கள். முட்டை நண்டு தனி. இவ்வளவையும் கடகடவென்று செய்யும் பெண்களில் பலர், புள்ளிவிபரப் படிவத்தில் 'பங்களிக்கும் குடும்ப உழைப்பாளி' ஆகிவிடுகிறார்கள். அந்தப் பெயரிலிருந்து எந்தத் திறனையும் ஊகிக்க முடியாது.

தொழிலுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை யாரிடம் கேட்பது? நாடுகள் பிரிவது இந்த இடத்தில்தான். ஜேர்மனி 1969ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டத்தின் கீழ் முதலாளிமாரையும் தொழிற்சங்கங்களையும் ஒன்றாக இருத்திக் கேட்கிறது. ஏறத்தாழ 320 தொழில்களுக்கு அங்கே பயிற்சி ஒழுங்குவிதிகள் உள்ளன. அமெரிக்கா 1939இல் தொழில்களுக்கு ஓர் அகராதியே போட்டது. 1990களின் இறுதியில் அதன் இடத்துக்கு வந்த 'ஓ-நெட்' தரவுத்தளம், வேலை செய்பவர்களுக்கே வினாக்கொத்து அனுப்புகிறது. நோர்வேயில் போதிய ஆண்டுகள் வேலை செய்தவர், பயிலுநராக இராமலே தொழிற்சான்றிதழ்ப் பரீட்சைக்குத் தோற்றலாம். மீன்பிடியும் அங்கே சான்றிதழுக்குரிய ஒரு தொழில்தான்.

1960களில் கனடாவில் பிறந்த 'டேக்கம்' முறை எளிமையானது. கைதேர்ந்த பத்துப் பேர், நெறிப்படுத்த ஒருவர், சுவர் நிறைய அட்டைகள், இரண்டு நாள். வேலையை விவரிக்க அதைச் செய்பவரே தகுதியானவர் என்பதே அதன் அடிப்படை.

இலங்கையிலும் கருவிகளுக்குக் குறைவில்லை. ஏழு மட்டங்களைக் கொண்ட தேசிய தொழிற்றகைமைச் (என்.வி.கியூ.) சட்டகம் இருக்கிறது; தேர்ச்சி நியமங்களைத் தயாரிக்கத் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை (நைட்டா) இருக்கிறது; வகுப்புக்குப் போகாதவரின் அனுபவத்தை மதிப்பிட முன்கற்றல் அங்கீகாரமும் இருக்கிறது. சிக்கல், 'தொழிற்றுறையின் கருத்து' கேட்கும்போது யாருக்குக் கடிதம் போகிறது என்பதில். கடித உறையில் எழுத ஏற்றுமதிக் கம்பனிக்கு முகவரி உண்டு. கரையில் மீனவர் கூடும் வாடிக்கு ஏது முகவரி?

விடத்தல்தீவில் இது வெறும் நிர்வாகக் குறை அல்ல. 1990 ஒக்டோபரில் ஊரின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2008 யூலையில் இராணுவம் ஊரைக் கைப்பற்றிய காலத்துப் போரில் மற்றவர்களும் இடம்பெயர்ந்தார்கள். தகப்பனோடு கடலுக்குப் போய், சோளகத்தையும் வாடையையும் நீரோட்டத்தையும் பழக வேண்டிய வயதை முகாமிலும் அயலூரிலும் கழித்த ஒரு தலைமுறை இங்கே உண்டு. யாருக்கு எது தெரியும், எது விட்டுப்போயிற்று என்று கணக்கெடுக்காமல் இவர்களுக்குப் பாடநெறி வகுப்பது இருட்டில் வலை போடுவதுதான். இதற்கிடையில், 2016இல் இங்கே இயற்கை ஒதுக்கிடம் பிரகடனமானது. அதன் ஒரு பகுதியை நீருயிரின வளர்ப்புக்காக விடுவிக்கும் வர்த்தமானி 2024இல் வெளியாகி, வழக்கும் தொடரப்பட்டது. பண்ணை வருவது சரியா என்பது வேறு விவாதம். வந்தால், பண்ணைத் தொழிலாளிக்குரிய நியமத்தோடு வரும். ஆயுள் முழுதும் நண்டு பார்த்தவர் அங்கே புதுமுகப் பயிலுநராக நிற்க வேண்டியிருக்கும்.

மனிதவலு அபிவிருத்தி அலுவலர்களும் மதிப்பீட்டாளர்களும் செய்யக்கூடியது சிறியதுதான். காற்றடித்து வள்ளங்கள் கரையில் கிடக்கும் இரண்டு நாளைத் தெரிவுசெய்து, 'டேக்கம்' அமர்வை வாடியிலேயே வைக்கலாம். பத்துப் பேரில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். அவர்களுக்கு அந்த நாட்களின் கூலியைக் கொடுக்க வேண்டும். வாய்மொழி விடைகளைத் தமிழிலேயே பதிய வேண்டும். மதிப்பீட்டைக் காலை ஒன்பது மணிக்கு வைத்தால் நண்டு ஐஸ் பெட்டிக்குள் போயிருக்கும். விடியலில் வள்ளம் வரும்போதே மதிப்பீட்டாளர் கரையில் நிற்க வேண்டும்.