சாதனை படைத்த பாதரச செராமிக் ஏன் வேலைக்கு ஆகவில்லை?

மின்தடை துளியும் இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருளுக்கு மீக்கடத்தி என்று பெயர். 1911இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கமர்லிங் ஆனஸ் இந்தப் பண்பை முதலில் கண்டது பாதரசத்தில்தான். அதற்கு மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டியிருந்தது. 82 ஆண்டுகள் கழித்து, அதே பாதரசம் இன்னொரு வடிவில் சாதனை படைத்தது.

அதென்ன பொருள்?

பாதரசம், பேரியம், கால்சியம், தாமிரம், ஆக்சிஜன் சேர்ந்த செராமிக்; பீங்கான் மாதிரியான பொருள். 1993இல் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக் ஆய்வாளர்கள் சோதித்தபோது, சுமார் மைனஸ் 140 டிகிரியிலேயே இது மீக்கடத்தியானது. இதைக் குளிர்விக்க விலை அதிகமான திரவ ஹீலியம் தேவையில்லை; மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனே போதும்.

அப்புறம் ஏன் கரண்ட் கம்பியாக வரவில்லை?

முதல் சிக்கல் பாதரசமேதான். அது 357 டிகிரியில் கொதித்துவிடும். இந்த செராமிக் உருவாக அதைவிடப் பல நூறு டிகிரி கூடுதல் சூடு வேணும். அதனால் குவார்ட்ஸ் குழாயில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடித்தான் சுட வேண்டும். குழாய் வெடித்தால் வெளிவருவது நச்சு ஆவி. அடுத்த சிக்கல், செராமிக் வளையாது, வளைத்தால் உடையும். தாமிரம் போலக் கம்பியாக இழுக்க முடியாது.

அப்படின்னா எது பயன்படுகிறது?

ஆஸ்பத்திரி எம்ஆர்ஐ கருவிகளில் பெரும்பாலும் நியோபியம்-டைட்டானியம் உலோகக் கலவைதான். அதற்குக் கடுங்குளிர் வேணும். ஆனாலும் நல்ல கம்பியாக வரும். மைனஸ் 180 டிகிரியில் மீக்கடத்தியாகும் இட்ரியம் செராமிக்கும் வெப்பநிலையில் பாதரச வகையிடம் தோற்றதுதான். ஆனால் உலோக நாடாவின் மேல் மெல்லிய படலமாகப் படியவைக்க முடிவதால், அணு இணைவுக்கான காந்தங்கள் வரை அந்த வகை நாடாக்கள் போய்விட்டன. பாதரச செராமிக்கோ பெரும்பாலும் ஆய்வகத்தோடு நிற்கிறது.

2023இல் 'எல்கே-99' என்ற பொருள் அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தி என்று தென்கொரியாவிலிருந்து செய்தி வந்து, உலகமே பரபரத்தது. பல நாட்டு ஆய்வகங்கள் சோதித்து, அப்படி இல்லை என்றன. அது உண்மையாகவே இருந்திருந்தாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது 'எத்தனை டிகிரி?' என்பதோடு நிறுத்தக் கூடாது. கம்பியாக வருமா, செய்பவர் உயிருக்கு ஆபத்து இல்லையா என்றும் கேட்க வேண்டும். சாதனை வேறு, பயன்பாடு வேறு.