‘சங்கத்தில் போட்டால் போச்சு’: ஐந்து வாதங்களுக்கு மறுப்பு

அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் கைக்கு வந்திருந்தது. எதைக் கடனுக்குக் கட்டுவது, எதை இருப்பில் போடுவது என்று சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து வந்திருந்த அவருடைய மருமகன் சொன்னார்: “மாமா, இன்னுமா அந்தக் கூட்டுறவு சங்கத்தைக் கட்டிக்கிட்டு அழறீங்க? சங்கத்துல போட்டா போச்சு. எல்லாத்தையும் பேங்குக்கு மாத்திடுங்க.” நாற்பது வருஷமாக அந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர் சித்தப்பா. படித்த பிள்ளை சொல்கிறதே என்று பேசாமல் இருந்துவிட்டார்.

அவர் சொல்லாமல் விட்ட பதிலை நான் எழுதுகிறேன். டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் கைபேசிச் செய்திகளிலும் இதே பேச்சுதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அரைகுறைத் தகவலோடு சொல்கிறார்கள். அந்தப் பேச்சை நம்பி முடிவெடுப்பவர் தோற்பது சொந்தப் பணத்தில்.

முதலில் ஒரு தெளிவு. கூட்டுறவு என்பது ஒரே பெட்டி கிடையாது. கிராமத்தில் இருப்பது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். அதற்கு மேலே மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி. அதற்கும் மேலே சென்னையில் மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி. இவை தவிர ஊர்களில் நகரக் கூட்டுறவு வங்கிகளும், அலுவலகங்களில் பணியாளர் சிக்கன நாணயச் சங்கங்களும் உண்டு. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் பேசுவதில்தான் பாதித் தவறு பிறக்கிறது.

1. “வங்கி மூழ்காது, சங்கம்தான் மூழ்கும்”

வங்கிகள் மூழ்கிய வரலாறு சென்னைக்கு நன்றாகத் தெரியும். 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் நிறுவனம் கதவை மூடியபோது, வெள்ளைக்காரன் கம்பெனி என்று நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்த அடியிலிருந்து எழுந்ததுதான் 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று தொடங்கிய இந்தியன் வங்கி. 1960-இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்தது. நாட்டில் வைப்புத்தொகைக் காப்பீடு வருவதற்கு அந்த வீழ்ச்சியே முக்கியக் காரணம்.

பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2020 மார்ச்சில் யெஸ் வங்கி வாடிக்கையாளர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று கட்டுப்பாடு வந்தது. அதே ஆண்டு நவம்பரில், 1926-இல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கிக்கும் அதே நிலை வந்தது. அங்கே வரம்பு 25,000 ரூபாய். பத்து நாளில் அது டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது. வைப்புதாரர்கள் தப்பினார்கள், பங்கு வைத்திருந்தவர்களின் முதல் முழுவதும் அழிந்தது. கரூர்ப் பக்கம் தலைமுறையாக அந்தப் பங்குகளை நகைபோலப் பாதுகாத்த குடும்பங்கள் உண்டு.

கூட்டுறவிலும் வீழ்ச்சி உண்டு. 2019 செப்டம்பரில் மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கியில் பணம் போட்டவர்கள், முதலில் 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்ற உத்தரவைப் பார்த்து வாசலிலேயே அழுதார்கள். ஒரே கட்டுமானக் குழுமத்துக்குக் கடனை அள்ளிக் கொடுத்துக் கணக்கை மறைத்ததுதான் அங்கே நடந்த கேடு. 2018-இல் வெளிவந்த, 13,000 கோடி ரூபாயைத் தாண்டிய பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியிலும் கேட்டின் வேர் கணக்கு மறைப்புதான். அது அரசு வங்கி. ஆகவே பெயர்ப்பலகையில் ‘வங்கி’ என்று இருப்பதும் ‘கூட்டுறவு’ என்று இருப்பதும் யாரையும் காப்பாற்றுவதில்லை. கடன் யாருக்குப் போகிறது, அதை யார் கண்காணிக்கிறார்கள் என்பதுதான் காப்பாற்றுகிறது.

2. “கூட்டுறவில் போட்ட பணத்துக்குக் காப்பீடு கிடையாது”

இது பாதி உண்மை. பாதி உண்மைதான் அதிகம் கெடுக்கும்.

வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகம் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை, அசலும் வட்டியும் சேர்த்து, காப்பீடு தருகிறது. 2020 பிப்ரவரி வரை இது 1 லட்சமாக இருந்தது. அரசு வங்கிக்கும் தனியார் வங்கிக்கும் உள்ள அதே 5 லட்சம்தான் மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கிக்கும், மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும், நகரக் கூட்டுறவு வங்கிக்கும். 2020-இல் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுறவு வங்கிகள் மீது ரிசர்வ் வங்கியின் பிடியையும் இறுக்கினார்கள்.

ஆனால் கிராமத்துத் தொடக்கச் சங்கத்துக்கும் பணியாளர் சிக்கன நாணயச் சங்கத்துக்கும் இந்தக் காப்பீடு இல்லை. அவை சட்டப்படி வங்கிகள் அல்ல. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டியது கூட்டுறவை நேசிப்பவரின் கடமை. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பெருந்தொகையை முழுவதும் கிராமச் சங்கத்தில் போடாதீர்கள். அதே மாவட்டத்தின் மத்தியக் கூட்டுறவு வங்கிக் கிளையில் போடலாம். வேறு எந்த வங்கியிலும் போடலாம். எங்கே போட்டாலும் ஒரே இடத்தில் 5 லட்சத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘கூட்டுறவே வேண்டாம்’ என்ற முடிவுக்கு இதில் இடமே இல்லை. எந்தத் தட்டில் எதை வைப்பது என்ற விவரம்தான் இருக்கிறது.

3. “வட்டியில் என்ன பெரிய வித்தியாசம்?”

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். சித்தப்பா ஒரு லட்சம் ரூபாய் பயிர்க்கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வணிக வங்கியில் கிசான் கடன் அட்டைக்கு வட்டி 7 சதவீதம். தவணை தவறாமல் கட்டினால் மத்திய அரசின் ஊக்கச் சலுகை 3 சதவீதம் போக 4 சதவீதம். ஓர் ஆண்டுக்கு 4,000 ரூபாய். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் அதே கடனைக் கெடுவுக்குள் கட்டினால் உறுப்பினருக்கு வட்டியே கிடையாது. அதை அரசு ஏற்றுக்கொள்கிறது. கெடு தவறினால் வட்டியும் அபராத வட்டியும் உண்டு. நாணயமாகக் கட்டுகிறவருக்கு இங்கே மிச்சமாகும் 4,000 ரூபாய், களையெடுப்புக் கூலியில் ஒரு பகுதிக்காவது ஆகும்.

வட்டியைவிடப் பெரிய வித்தியாசம் இன்னொன்று. எங்கள் ஊர்ச் சங்கத்துக்குள் நுழைந்தால் வலப்பக்கம் ஒரு மேசை. நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் சங்கிலியைத் தேய்த்துப் பார்த்து, எடை போட்டு, துணிப்பையில் கட்டி அரக்கு முத்திரை வைப்பார். இடப்பக்கம் செயலாளர், சிட்டாவையும் அடங்கலையும் வாங்கி, “போன வருஷம் ரெண்டு ஏக்கர்தானே போட்டீங்க, இந்த வருஷம் மூணா?” என்று கேட்பார். பின்பக்கக் கிடங்கில் யூரியா மூட்டைகள். பயிர்க்கடனில் ஒரு பங்கு ரொக்கமாகவும் ஒரு பங்கு உரமாகவும் அங்கேயே கைக்கு வரும். ரேஷன் கடையும் பெரும்பாலும் அதே சங்கத்தினுடையது.

இதே சித்தப்பா ஒருமுறை பக்கத்து டவுனில் ஒரு வங்கியில் நகைக்கடன் வாங்கப் போனார். கையெழுத்துப் போட்ட தாள்களுக்கு நடுவே ஆயுள் காப்பீட்டு விண்ணப்பம் ஒன்றும் இருந்தது என்பது, அடுத்த ஆண்டு கணக்கில் பிரீமியம் பிடித்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. எல்லா வங்கியும் இப்படி என்று நான் சொல்லமாட்டேன். விற்பனை இலக்கோடு உட்கார்ந்திருக்கும் ஊழியருக்கும், மறுநாள் காலை அதே தெருவில் நம் முகத்தில் விழிக்க வேண்டிய செயலாளருக்கும் வேறுபாடு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

4. “சங்கம் என்றால் அரசியல்வாதிகளின் கூடாரம்”

இந்தக் குற்றச்சாட்டில் வலிக்கிற உண்மை இருக்கிறது. தேர்தல் இல்லாமல் தனி அலுவலர் கையிலேயே சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் கிடந்த காலங்கள் உண்டு. தேர்தல் நடந்தபோதும் ஆளுங்கட்சிக்காரர்களே தலைவராக உட்கார்ந்த கதை ஊரறிந்தது. 2021-இல் நகைக்கடன் தள்ளுபடிக்காக ஆய்வு நடந்தபோது சில சங்கங்களில் போலி நகைகளும், ஒரே ஆள் பல கடன் வாங்கியதும் வெளிவந்தன. இதற்கெல்லாம் சப்பைக்கட்டு கட்டினால் நம் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள்.

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். வங்கியில் தவறு நடந்தால் உங்களால் என்ன செய்ய முடியும்? புகார் கொடுக்கலாம், கணக்கை மூடிவிட்டு வெளியே வரலாம். நிர்வாகத்தில் உங்களுக்கு வாக்கு கிடையாது. பங்குதாரர் கூட்டத்தில்கூட அதிகப் பங்கு வைத்திருப்பவரின் குரல்தான் எடுபடும். சங்கத்தில் பத்து ஏக்கர்காரருக்கும் ஒரு வாக்கு, அரை ஏக்கர்காரருக்கும் ஒரு வாக்கு. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் 81-ஆம் பிரிவு விசாரணைக்கு வழி செய்கிறது. 87-ஆம் பிரிவு, சங்கத்துக்கு நட்டம் விளைவித்தவரிடமிருந்தே அந்தத் தொகையை வசூலிக்க வழி செய்கிறது. கத்தி இருக்கிறது. அதைக் கையில் எடுப்பவர் இல்லை.

எங்கள் சங்கத்தின் பேரவைக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். நூற்றுக்கணக்கான உறுப்பினர்களில் வந்தவர்கள் முப்பது பேர் இருக்கலாம். தணிக்கை அறிக்கையை ஒருவர் வேகமாக வாசித்தார். டீயும் மிக்சரும் வந்தன. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக் கலைந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் எழுந்து, “தவணை தவறின கடன் போன வருஷத்தைவிட ஏன் கூடியிருக்கு?” என்று கேட்டார். அறை சட்டென்று அமைதியானது. செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேரேட்டைப் புரட்டிப் பதில் சொன்னார். அந்த ஒரு கேள்விக்கு இருந்த பலம் எந்த வங்கிக் கிளையிலும் எந்த வாடிக்கையாளருக்கும் கிடையாது. உறுப்பினர்கள் காலி செய்த நாற்காலியில்தான் அரசியல் வந்து உட்கார்ந்தது.

5. “தள்ளுபடியை நம்பியே பிழைக்கும் அமைப்பு”

2021-இல் தமிழ்நாட்டுக் கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது உண்மை. அதை அறிவித்தது அரசு, சங்கம் அல்ல. 2008-இல் மத்திய அரசு அறிவித்த விவசாயக் கடன் தள்ளுபடியில் வணிக வங்கிகளும் சேர்ந்தே இருந்தன. தள்ளுபடி வரும் என்று கட்டாமல் காத்திருப்பவரைப் பார்த்து, நாணயமாகக் கட்டியவர் மனம் நோகிறார். அந்தக் கேடு எனக்கும் கவலைதான்.

ஆனால் கண்ணாடியை இரண்டு பக்கமும் காட்ட வேண்டும். 2014-15 தொடங்கி ஒன்பது நிதியாண்டுகளில் வணிக வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய வாராக்கடன் 14.56 லட்சம் கோடி ரூபாய் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அதில் ஏறத்தாழ பாதி பெருந்தொழில், சேவை நிறுவனங்களுடையது. கணக்கிலிருந்து நீக்குவது தள்ளுபடி ஆகாது, வசூல் முயற்சி தொடரும் என்பது சரிதான். அந்த நியாயத்தைப் பெருமுதலாளிக்காகப் பொறுமையாக விளக்குகிறவர்கள், அரை ஏக்கர்காரரின் தள்ளுபடியைப் பேசும்போது மட்டும் பொறுமை இழக்கிறார்கள்.

இனி எது நம்முடையது?

சம்பளக் கணக்கு, கைபேசியில் பணம் அனுப்புவது, வெளியூர்ப் பிள்ளைக்குப் படிப்புச் செலவு கட்டுவது: இவற்றுக்கு வணிக வங்கியே வசதி. தொடக்கச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்தை மத்திய அரசு 2022-இல்தான் தொடங்கியது. அதில் கூட்டுறவு பின்தங்கியது என்பதை மறுக்கமாட்டேன். வங்கியையும் சங்கத்தையும் ஒன்றுக்கொன்று எதிரியாக நிறுத்தத் தேவையில்லை. சேமிப்பைக் காப்பீடு உள்ள இடத்தில் வையுங்கள். பயிர்க்கடனுக்கும் நகைக்கடனுக்கும் முதலில் சங்கத்தின் படியேறுங்கள்.

சங்கம் எதற்குப் பிறந்தது என்பதையும் மறக்க வேண்டாம். 1864-இல் ஜெர்மனியின் ஹெடெஸ்டார்ஃப் ஊரில் ராய்ஃபைசன், வட்டிக்காரர்களிடம் சிக்கிய குடியானவர்களுக்காகக் கடன் சங்கம் அமைத்தார். அந்த வழியை ஐரோப்பாவில் நேரில் ஆராய்ந்து, சென்னை மாகாணத்துக்குப் பரிந்துரைத்தவர் பிரெடரிக் நிக்கல்சன். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் பக்கம் திரூரில் விவசாயிகளுக்கான சங்கமும், காஞ்சிபுரத்தில் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கமும் பதிவாயின. இவை எதிர்த்து நின்றது வங்கியை அன்று, கந்துவட்டியை. அந்தக் கந்துவட்டி இன்னும் சாகவில்லை. அதைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. அதற்குப் பின்னும், 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித்தொழிலாளி குடும்பம் இரண்டு பெண் குழந்தைகளோடு தீக்குளித்ததைத் தமிழ்நாடு பார்த்தது. நம்மைப் போன்றவர்கள் சங்கத்தைக் கைவிட்டால் நமக்கு வங்கி இருக்கிறது. வங்கிப் படியேற முடியாதவருக்கு மீட்டர் வட்டிக்காரன்தான் இருக்கிறான்.

சித்தப்பா கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே போய்ப் பயிர்க்கடனைக் கட்டி ரசீது வாங்கிவிட்டார். மீதியை மத்தியக் கூட்டுறவு வங்கியில் வைப்பாகப் போட்டார். உங்கள் வீட்டிலும் சங்கத்துப் பாஸ் புத்தகம் ஒன்று கிடக்கும், தேடி எடுங்கள். அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் போய் உட்காருங்கள். தணிக்கை அறிக்கையை மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு வாருங்கள்.