கடாரத்து மாவீரர்களுக்கு ஒரு களம்

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கூட்டாகக் கதை வளர்க்கும் விளையாட்டு, 1974இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் வெளிவந்து, சில ஆண்டுகளுக்குள்ளாகவே அதீத ஆற்றல் படைத்த வீரர்களின் உலகத்தையும் தனதாக்கிக்கொண்டது. இதில் ஈடுபடும் நம் இளைஞர், களம் தேடி நியூயார்க்கின் வானளாவிய மாடங்களுக்குச் செல்லவேண்டிய அவசியமில்லை என்பதும், கடாரம் எனப்பட்ட நம் கெடாவின் ஜெராய் மலையடிவாரத்துப் பீடோங்கே அதற்குப் போதும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

கொடியவன் வேண்டுமானால் கெடாவின் புராதனக் கதையிலேயே ராஜா பெர்சியோங் இருக்கிறான். கீரைக் கறியில் சமையற்காரியின் விரலிலிருந்து சிந்திய ஒரு துளி உதிரத்தின் ருசியில் மயங்கி, பின்னர் குடிகளின் குருதிக்கே அடிமையாகி, கோரைப்பல் முளைத்து, இறுதியில் நாடே எதிர்த்தெழ அரண்மனையை விட்டு ஓடிய அரசன் அவன்.

களத்தைவிடக் கடினமானது கதையின் ரசத்தை அமைப்பது; அதற்குக் கட்டுப்பாடு வேண்டும். 1984இல் வெளிவந்த 'மார்வெல் சூப்பர் ஹீரோஸ்' என்னும் விளையாட்டில், நற்செயல்களால் வீரன் ஈட்டும் புள்ளிகளுக்குக் கர்மா என்று பெயர். அவன் ஓர் உயிரைக் கொன்றுவிட்டால், சேர்த்த கர்மா முழுவதையும் இழப்பான். பலத்தைவிடக் கட்டுப்பாட்டுக்கு அதிக மதிப்பளிக்கும் இவ்விதியை வகுத்தவரை நான் மனமாரப் போற்றுகிறேன்.

அந்தக் கட்டுப்பாட்டுக்கு நம் மண்ணில் சரித்திர சாட்சியம் உண்டு. 1946இல் பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் ரப்பர் தோட்டத்தில் ஏ.எம்.சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை, விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்களின் கூலியை உறிஞ்சி தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களின் நிம்மதியைக் குலைத்த கள்ளுக்கடைகளின் முன்னே அணிவகுத்து மறியல் செய்து, 1947இல் போலீஸ் அடக்குமுறைக்கு ஆளாகி ஒடுக்கப்பட்டது. அந்நாளையே விளையாட்டின் காலமாக வைத்துக்கொள்வோம். பறக்கும் சக்தி பெற்ற ஒரு வீரன் கள்ளுக்கடையை ஒரு நொடியில் பெயர்த்தெறியலாம். ஆனால் அடுத்த வாரம் அக்கடை வேறோரிடத்தில் முளைக்கும்போது, குடித்துப் பழகிய தன் தகப்பனிடம் அவன் என்ன பேசுவான்? வெளியே தோட்டத் துரையின் பங்களாவும் போலீஸ் லாரியும் காத்திருக்க, லயத்து வாசலில் மகனும் தகப்பனும் எதிரெதிரே நிற்கும் அந்தக் கட்டத்தைப் பகடையால் மட்டும் தீர்க்க முடியாது; ஆடுபவர் வாய் திறந்து பேசியே ஆகவேண்டும். அங்கேதான் இவ்விளையாட்டு கலையாக உயர்கிறது என்பேன்.

மூதாதையர் பட்ட துயரத்தை விளையாட்டாக்கலாமா என்று சிலர் வருந்தக்கூடும். அவர்களுக்கு நான் நம் தோட்டக் கோயில்களில் காவல் நிற்கும் மதுரை வீரனையே காட்டுவேன். தான் காத்த அரசாலேயே மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட அவனுடைய கதையை நம் முன்னோர் கூத்தாக ஆடினார்கள். கட்டியங்காரன் சிரிக்க வைத்த அதே மேடையில் சனங்கள் கண்ணீரும் விட்டார்கள். அந்தக் கலப்பு ரசமே இதற்கும் உகந்தது.

ஆகவே கதை நடத்த முன்வரும் பிள்ளைகள், விதிநூலைப் புரட்டுவதற்கு முன், தங்கள் வீட்டு முதியோரிடம் லயத்து வாழ்க்கையை விசாரித்து எழுதிக்கொள்வார்களாக. 1947இல் பத்து வயதுச் சிறுமியராக இருந்தவர்கள் இன்று தொண்ணூறை நெருங்குகிறார்கள். இந்தக் காரியத்தை அடுத்த தீபாவளி விடுமுறைக்குத் தள்ளிப்போட வேண்டாம்.