40-ஐ உள்ளே விடாதீர்கள்

ஓட்டப்பிடாரம் வட்டாரக் கரிசல் காட்டில் உளுந்து, பாசி, மக்காச்சோளம் எல்லாம் பெரும்பாலும் மானாவாரிதான். வடகிழக்குப் பருவமழையை நம்பி, மழைக்கு முன்னாலேயே புழுதி விதைப்பு செய்துவிடுகிறார்கள். மழை தள்ளிப்போனால் மறுபடி விதைக்க வேண்டும். ‘மழை பொய்க்க 40 சதவீத வாய்ப்பு’ என்ற ஒரு வரியில் இங்கே பல வீடுகளின் வரவு செலவு அடங்கியிருக்கிறது.

இப்போது இந்தக் கணக்கையும் கம்ப்யூட்டர்தான் போடுகிறது. மறுவிதைப்புக்கு ஏக்கருக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 0.4-ஆல் பெருக்கினால் எதிர்பார்க்கும் இழப்பு 2,000. அவசரத்தில் 40 என்று தட்டிவிட்டால் 2,00,000! பெருக்கலுக்கு அதுவும் ஓர் எண்தான். மறுபேச்சில்லாமல் விடை தந்துவிடும். ஒற்றை வயல் என்றால் கண்ணில் படும். ஆயிரம் வயல்களின் சராசரிக்குள் இப்படி இரண்டு புகுந்துவிட்டால் யார் கண்டுபிடிப்பது?

நிகழ்தகவு 0-க்குக் குறையாது, 1-ஐத் தாண்டாது என்பது பள்ளிக்கூடப் பாடம். அதை நிரலில் எழுதும் இடத்தில்தான் சறுக்குகிறது. ‘0-க்குக் கீழே அல்லது 1-க்கு மேலே இருந்தால் நிறுத்து’ என்று பைத்தானில் எழுதுகிறார்கள். தரவு விடுபட்ட இடத்தில் ‘எண் அல்ல’ என்ற குறியீடு நிற்கும். அது 0-ஐவிடச் சிறியதா? இல்லை. 1-ஐவிடப் பெரியதா? அதுவும் இல்லை. இரண்டு கேள்வியிலும் சிக்காமல் உள்ளே போய்விடும். ‘0 முதல் 1-க்குள் இருந்தால் மட்டும் விடு’ என்று மாற்றி எழுதினால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

எல்லா வாய்ப்புகளும் சேர்ந்து 1 ஆக வேண்டும் என்பதில் மட்டும் கொஞ்சம் நெகிழ்வு தேவை. 0.7, 0.2, 0.1 மூன்றையும் பைத்தானில் வரிசையாகக் கூட்டினால் 0.9999999999999999 வரும். அது இரும எண்முறையின் குறை, தரவின் குறையல்ல. ஆனால் 1.3 வந்தால் சத்தமில்லாமல் 1 ஆக வெட்டிவிடுவது பெரிய தவறு. பிழை அப்படியே இருக்கும், தடயம் மட்டும் அழிந்துவிடும்.

அரிதான எண்ணையும் பிழையான எண்ணையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அப்படியொரு மழைக்கு யாராவது 0.001 என்று கொடுத்திருந்தாலும் அது செல்லுபடியாகும் எண்தான்.

விவசாயிகளுக்காகச் செயலி எழுதும் தம்பி தங்கைகளே, தப்பான எண் வந்தால் கணக்கை நிறுத்துங்கள். எந்த வரிசையில் என்ன எண் வந்தது என்பதைத் தமிழிலேயே சொல்லுங்கள்.